பயணிகளும் நாணயமாற்று இழப்பும் – ஒரு வரலாறு

பயணிகளின் நாணயமாற்று இழப்பு என்பது, ஒரு நாட்டின் பணத்தை வைத்திருப்பவர் வேறொரு நாட்டில் பொருள் வாங்கும்போதும் தங்கும்போதும், சந்தை மதிப்பைவிடக் குறைவான மதிப்பில் தம் பணத்தை மாற்றிக்கொள்ள நேர்வதால் ஏற்படும் இழப்பைக் குறிக்கும். பணமாற்றுநரின் மேசையில் நாணயத்துக்குக் கழிவு பிடித்த காலம் முதல், கடைக்காரரின் அட்டைக் கருவி "உங்கள் நாட்டுப் பணத்திலேயே செலுத்துகிறீர்களா?" என்று கேட்கும் இன்றைய காலம் வரை இவ்விழப்பு வடிவம் மாறித் தொடர்ந்து வருகிறது. பணம் மாற்றுவது ஒரு சேவை என்பதால் அதற்குக் கூலி கேட்பது தவறாகாது. அந்தக் கூலி எவ்வளவு என்பது பயணிக்குத் தெரியாதபடி விகிதத்துக்குள் மறைக்கப்படும்போதும், வேறு வழியில்லாத நிலையைப் பயன்படுத்தி அளவுக்கு மீறி வாங்கப்படும்போதும்தான் அது நியாயமற்றதாகிறது. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர், மாணவர், யாத்திரிகர் போன்று அளவான பணத்துடன் பயணம் செய்வோரையே இது மிகுதியாகப் பாதிக்கிறது.

விகிதத்துக்குள் அடங்கிய கட்டணம்

ஒரு நாணயத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு விலைகள் உண்டு. பணமாற்றுநர் அதை வாங்கும் விலை ஒன்று. விற்கும் விலை மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே அவருடைய வருமானம். வங்கிகள் தமக்குள் பெருந்தொகைகளை மாற்றிக்கொள்ளும்போது இந்த வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கும். அந்த இரு விலைகளின் நடுப்புள்ளியை இடைச்சந்தை விகிதம் என்பர். பயணி பெறும் விகிதம் நியாயமானதா என்று அறிய இதுவே அளவுகோல்.

ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். ஒரு பணமாற்றுக் கடை அமெரிக்க டாலரை 80 ரூபாய்க்கு வாங்கி 88 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். நடு விலை 84 ரூபாய். 88,000 ரூபாய் கொடுத்து 1,000 டாலர் வாங்கிய ஒருவர், பயணம் நின்றுபோனதால் அன்றே அதைத் திருப்பிக் கொடுத்தால் 80,000 ரூபாய்தான் கிடைக்கும். ஒரு பொருளும் வாங்காமலே 8,000 ரூபாய், அதாவது ஏறத்தாழ 9 விழுக்காடு கரைந்துவிட்டது. அந்தக் கடையின் முகப்பில் "கட்டணம் இல்லை" என்ற பலகை தொங்கினாலும் அது பொய்யாகாது. தனிக் கட்டணம் ஏதும் வாங்கப்படவில்லை. கட்டணம் முழுவதும் விகிதத்துக்குள் இருக்கிறது.

விமான நிலையம், எல்லைச் சாவடி, பெரிய விடுதி ஆகிய இடங்களில் இவ்வேறுபாடு பொதுவாக அதிகம். வந்திறங்கியவருக்கு வண்டிக்கும் உணவுக்கும் உள்ளூர்ப் பணம் உடனே தேவைப்படுகிறது. அருகில் வேறு கடையும் இல்லை. விகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் இல்லை. அதே ஊரின் கடைத்தெருவில் பல பணமாற்றுநர்கள் அடுத்தடுத்து இருந்தால், போட்டி காரணமாக வேறுபாடு குறைந்துவிடும்.

பழங்காலம்: கோல்பனும் வாசியும்

நாணயமாற்றுக் கழிவு பற்றிய பழைய செய்திகள் பல, யாத்திரைத் தலங்களோடு தொடர்புடையவை. எருசலேமின் இரண்டாம் ஆலயத்துக்கு வயது வந்த யூத ஆண்கள் ஆண்டுதோறும் அரைச் சேக்கல் வரி செலுத்த வேண்டியிருந்தது. வெள்ளியின் தூய்மை கருதித் தீர் நகர நாணயமே இதற்கு ஏற்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து பலவகைக் காசுகளுடன் வந்த யாத்திரிகர்கள் அவற்றை மாற்றியாக வேண்டும். மாற்றும்போது சேர்த்துச் செலுத்த வேண்டிய சிறு தொகைக்குக் 'கோல்பன்' என்று பெயர். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, இது யார் மீது விதிக்கப்பட வேண்டும், யாருக்கு விலக்கு என்றெல்லாம் பேசுகிறது. ஆலய வளாகத்தில் இருந்த பணமாற்றுநரின் மேசைகளை இயேசு கவிழ்த்ததாக நற்செய்தி நூல்கள் கூறும் நிகழ்ச்சி பலரும் அறிந்ததே.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான செய்தி திருவீழிமிழலைத் தலத்தோடு தொடர்புடையது. இத்தலம் இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. பஞ்ச காலத்தில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அங்குத் தங்கியிருந்தபோது, அடியார்களுக்கு அமுதளிக்க இறைவன் நாள்தோறும் இருவருக்கும் பொற்காசு வழங்கினான் என்று பெரியபுராணம் கூறுகிறது. நாவுக்கரசர் பெற்ற காசு கடைத்தெருவில் தடையின்றிச் செல்லுபடியாயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கோ வணிகர்கள் கழிவு கேட்டனர். அந்தப் பேச்சில் நேரம் கழிந்து, அவருடைய மடத்தில் உணவு சமைப்பது தாமதமாயிற்று. காசின் குறையை நீக்கித் தருமாறு சம்பந்தர் பாடிய பதிகம் தேவாரத்தில் உள்ளது. அப்பதிகத்தில் வரும் 'வாசி' என்ற சொல், காசுக்குக் காசு உள்ள வேற்றுமையையும் அதனால் பிடிக்கப்படும் கழிவையும் குறிக்கும். சமய நோக்கில் சொல்லப்பட்ட இந்நிகழ்ச்சியில், அக்காலக் கடைத்தெருவின் நடைமுறை தெளிவாகத் தெரிகிறது. காசின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மாற்றுக் குறைந்தால் வணிகர் கழிவு பிடிப்பர். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவருக்கு அதனால் உணவே தாமதமாகலாம்.

பணமாற்றுநரின் மேசையிலிருந்தே வங்கிக்கான சொற்களும் பிறந்தன. கிரேக்க மொழியில் மேசையைக் குறித்த 'திரபேசா' என்ற சொல்லே இன்றும் அந்நாட்டில் வங்கிக்குப் பெயர். ஆங்கிலத்தின் 'பேங்க்', பலகையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. பலவகைக் காசுகள் புழங்கிய ஆம்ஸ்டர்டாம் நகரில் 1609இல் நகர வங்கி தொடங்கப்பட்டதற்கும் நாணயக் குழப்பமே முக்கியக் காரணம். தேய்ந்த காசுகளையும் வெட்டப்பட்ட காசுகளையும் எடையிட்டு ஏற்று, உறுதியான மதிப்புள்ள கணக்குப் பணமாக அவ்வங்கி மாற்றித் தந்தது.

வராகன், பணம், காசு: சென்னையின் சராப்புகள்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்காலச் சென்னையில் தங்க வராகன், வெள்ளிப் பணம், செப்புக் காசு ஆகிய மூன்றும் புழங்கின. கம்பெனிக் கணக்கின்படி 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஆனால் கடைத்தெருவில் இந்த விகிதம் நிலைத்து நிற்கவில்லை. தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் வரத்தைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் வந்தது. இவற்றோடு பலவகை ரூபாய்களும், கப்பல் வழி வந்த ஸ்பானிய வெள்ளி டாலர்களும் சேர்ந்துகொண்டன.

காசின் எடையையும் மாற்றையும் பார்த்து மதிப்புச் சொல்பவர்கள் சராப்புகள். அரபு மொழியின் 'சர்ராஃப்' என்ற சொல்லே தமிழில் சராப்பு என்றும் ஆங்கிலத்தில் 'ஷ்ராஃப்' என்றும் வழங்கியது. ஒரு வட்டாரத்தின் காசை மற்றொரு வட்டாரத்தில் மாற்ற அவர்கள் பிடித்த கழிவு ஆங்கிலேயர் ஆவணங்களில் 'பட்டா' எனப்படுகிறது. தமிழில் 'வட்டம்' என்ற சொல்லுக்கும் நாணயக் கழிவு என்ற பொருள் உண்டு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் வணிகரும் படைவீரரும் யாத்திரிகரும், நாட்டைவிட்டு வெளியே போகாமலே இக்கழிவைக் கொடுத்து வந்தனர்.

வங்காளத்தில் இது மேலும் விந்தையான வடிவம் எடுத்தது. புதிதாக அச்சிட்ட ரூபாய் 'சிக்கா' எனப்பட்டது. அச்சிட்ட ஆண்டு கழிந்ததும், வெள்ளி சிறிதும் தேயாமல் இருந்தாலும், அதன் மதிப்பில் கழிவு பிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது 'சனாத்' என்ற பழைய ரூபாயாகிக் கழிவு இன்னும் கூடியது. காசிலிருந்த ஆட்சியாண்டு எண்ணைப் பார்த்தே சராப்பு மதிப்பைக் குறைத்தார். இதைத் தடுக்கக் கம்பெனி ஓர் எளிய வழியைக் கையாண்டது. முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு என்ற எண்ணையே பின்னர் அடித்த எல்லா ரூபாயிலும் பொறித்தது. எல்லாக் காசும் ஒரே ஆண்டினதாகத் தோன்றியதால், ஆண்டைக் காட்டிக் கழிவு கேட்க வழியில்லாமற்போயிற்று.

சென்னை மாகாணத்தில் 1818இல் வெள்ளி ரூபாய் முதன்மை நாணயமாக்கப்பட்டு, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்ற விகிதம் ஏற்கப்பட்டது.  1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 180 கிரெயின் எடையுள்ள ஒரே வகை ரூபாய் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் பொதுவாயிற்று. உள்நாட்டுப் பயணிக்கு நாணயமாற்றுக் கழிவு நீங்கத் தொடங்கியது இதற்குப் பின்னரே.

சுற்றறிக்கைச் சீட்டும் பயணக் காசோலையும்

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் செல்வர்கள் நெடும்பயணம் செல்வது வழக்கமாக இருந்தது. பொற்காசுகளை மூட்டையாகச் சுமப்பது ஆபத்து என்பதால் 1772இல் லண்டனில் ஒரு நிறுவனம், ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பணமாக்கத்தக்க சீட்டுகளை வெளியிட்டது. தாமஸ் குக் நிறுவனம் 1874இல் தன் பயணிகளுக்காக இத்தகைய சுற்றறிக்கைச் சீட்டுகளை வழங்கத் தொடங்கியது.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜே. சி. ஃபார்கோ ஐரோப்பாவில் பயணம் செய்தபோது, பெருநகரங்களுக்கு வெளியே தம் கடன் கடிதத்தைக் காட்டிப் பணம் பெற முடியாமல் இடர்ப்பட்டார். இதன் விளைவாக, அந்நிறுவனத்தில் பணியாற்றிய மார்செலஸ் பெரி 1891இல் பயணக் காசோலையை உருவாக்கினார். வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது மற்றொரு கையொப்பம் என்பது அதன் பாதுகாப்பு முறை. தொடக்கக் காலக் காசோலைகளில் பவுண்டு, பிராங்க், மார்க் போன்ற நாணயங்களில் எவ்வளவு கிடைக்கும் என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. தங்கத் திட்டத்தின் கீழ் நாணயங்களின் மதிப்பு மாறாமல் இருந்ததால் இது இயன்றது. விகிதம் பயணியின் கையிலேயே எழுத்தில் இருந்தபடியால் பணமாற்றுநர் அதைக் குறைத்துச் சொல்ல வழியில்லை.

1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் தங்கத் திட்டம் தடுமாறியது. நாணயங்களின் மதிப்பு நாள்தோறும் மாறத் தொடங்கிய பிறகு, விகிதத்தை முன்கூட்டியே அச்சிட முடியாமற்போயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரெட்டன் உட்ஸ் ஏற்பாட்டின்படி விகிதங்கள் மீண்டும் நிலைப்படுத்தப்பட்டன. 1971இல் அமெரிக்கா டாலரைத் தங்கமாக மாற்றித் தருவதை நிறுத்தியதும், 1973 முதல் முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கின. அன்று முதல், தனக்குச் சொல்லப்படும் விகிதம் சரியானதா என்பதை அறிய அன்றைய சந்தை விகிதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை ஒவ்வொரு பயணிக்கும் ஏற்பட்டது.

அரசுகள் விதித்த விகிதங்கள்

நியாயமற்ற விகிதம் வணிகரால் மட்டும் வருவதன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு உள்ள அரசுகள், வெளிநாட்டவர் தம் பணத்தை அரசு சொல்லும் விகிதத்தில்தான் மாற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதுண்டு.

கிழக்கு ஜெர்மனி இதற்குத் தெளிவான சான்று. 1964 முதல் மேற்கிலிருந்து வரும் பயணிகள் நாளொன்றுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாற்றியாக வேண்டும் என்ற விதி வந்தது. வெளிச்சந்தையில் கிழக்கு மார்க்கின் மதிப்பு மேற்கு மார்க்கைவிடப் பல மடங்கு குறைவு. மிஞ்சிய கிழக்கு மார்க்கை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது. 1980 அக்டோபரில் இத்தொகை 25 மார்க்காக உயர்த்தப்பட்டது. ஓய்வூதியர்களுக்கு இருந்த விலக்கும் நீக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் உள்ள உடன்பிறந்தாரைப் பார்க்கச் சென்ற முதியவர்களுக்கு இது பெரும் சுமையாயிற்று. வருகைகள் வெகுவாகக் குறைந்தன. பெர்லின் சுவர் திறக்கப்பட்ட பின், 1989 டிசம்பரில் இவ்விதி கைவிடப்பட்டது.

சீனா 1980 முதல் 1994 வரை வெளிநாட்டவருக்கெனத் தனி அந்நியச் செலாவணிச் சீட்டுகளை வெளியிட்டது. தமிழர்களுக்கு நெடுங்காலத் தொடர்புள்ள பர்மாவிலும் 1993 முதல் இத்தகைய சீட்டுகள் இருந்தன. தனியாக வரும் சுற்றுலாப் பயணிகள் நாட்டுக்குள் நுழையும்போதே ஒரு குறிப்பிட்ட தொகை டாலரைக் கொடுத்து அச்சீட்டுகளை வாங்க வேண்டியிருந்தது. அங்கு அரசின் அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு ஏறத்தாழ 6 கியாத். வெளிச்சந்தை விகிதமோ பிற்காலத்தில் பல நூறு கியாத். 2012 ஏப்ரலில் விகிதம் மிதக்கவிடப்பட்டபோது, முதல் நாள் அறிவிக்கப்பட்ட விகிதம் டாலருக்கு 818 கியாத்.

இந்தியாவிலும் செலாவணிக் கட்டுப்பாடு நெடுங்காலம் நிலவியது. 1966 ஜூன் மாதத்தில் டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த மதிப்பு 7.50 ரூபாயாக மாற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கடுமையான விதிகளைக் கொண்டிருந்தது. 1992இல் இரட்டை விகித முறை வந்து, 1993 மார்ச்சில் ஒரே சந்தை விகிதமாக ஒருங்கிணைந்தது. இலங்கையில் 2021 செப்டம்பர் முதல் டாலருக்கு ஏறத்தாழ 203 ரூபாய் என்ற அளவில் பிடித்துவைக்கப்பட்டிருந்த விகிதம், 2022 மார்ச்சில் தளர்த்தப்பட்டதும் சில வாரங்களிலேயே 300 ரூபாயைத் தாண்டியது. தளர்த்தப்படுவதற்கு முன் ஊருக்குச் சென்று வங்கியில் பணம் மாற்றிய புலம்பெயர்ந்தோர், வெளிச்சந்தையில் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவாகவே பெற்றனர்.

ஐரோப்பாவின் பாடம்

அடுத்தடுத்துப் பல நாடுகள் வழியே செல்லும் பயணிக்கு இழப்பு பெருகிக்கொண்டே போகும். ஒவ்வொரு மாற்றத்திலும் 5 விழுக்காடு கழிவதாகக் கொண்டால், 100 ரூபாய் பத்தாவது மாற்றத்துக்குப் பின் 60 ரூபாய்க்கும் சற்றுக் குறைவாகிவிடும். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு ஒன்று 1980களின் பிற்பகுதியில் இத்தகைய கணக்கைச் செய்து பார்த்தது. பெல்ஜிய பிராங்குடன் புறப்படும் ஒருவர் ஐரோப்பியச் சமூகத்தின் பல நாடுகளிலும் பணத்தை மாற்றிக்கொண்டே சென்று திரும்பினால், எதையும் வாங்காமலே ஏறத்தாழ பாதித் தொகையை இழந்திருப்பார் என்பது அதன் முடிவு. ஒரே நாணயம் வேண்டும் என்ற வாதத்துக்கு இக்கணக்கு அடிக்கடி எடுத்துக்காட்டாக வழங்கப்பட்டது.

யூரோ 1999இல் கணக்கு நாணயமாகவும், 2002 ஜனவரி 1 முதல் தாளும் காசுமாகவும் வந்தது. பழைய நாணயங்களை மாற்றும்போது மக்கள் ஏமாறாமல் இருக்க, விகிதங்கள் ஆறு இலக்கங்களில் நிலையாக வரையறுக்கப்பட்டன. ஒரு யூரோவுக்கு 1.95583 ஜெர்மன் மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்க். கணக்கிடும்போது இந்த விகிதத்தைச் சுருக்கவோ முழு எண்ணாக்கவோ கூடாது என்று சட்டமே கூறியது. சிறு பின்னத்தில்கூட இழப்பு ஒளிந்திருக்கலாம் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தனர்.

அட்டைகளின் காலம்

கடன் அட்டையும் பற்று அட்டையும் பரவிய பின் பயணக் காசோலையின் பயன்பாடு குறைந்தது. வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்தினால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு தன் விகிதத்தில் தொகையை மாற்றும். அட்டை வழங்கிய வங்கி அதன் மேல் ஒரு விழுக்காட்டைக் கூட்டும். அட்டைதாரருக்கு வரும் மாதக் கணக்கில் மாற்றிய பின் உள்ள தொகை மட்டும் இருந்தால், எவ்வளவு கட்டணம் என்பது தெரியாது.

அமெரிக்காவில் இது பெரிய வழக்காயிற்று. வெளிநாட்டுச் செலவுகள் மீதான மாற்றுக் கட்டணம் கூட்டாக நிர்ணயிக்கப்பட்டது, முறையாக வெளிப்படுத்தப்படவில்லை என்று விசா, மாஸ்டர்கார்டு மற்றும் சில பெரிய வங்கிகள் மீது குற்றம் சாட்டப்பட்டது. தவறு ஏதும் செய்யவில்லை என்று அந்நிறுவனங்கள் மறுத்தன. ஆயினும் 2006இல் 33.6 கோடி டாலர் தருவதாகச் சமரசம் ஏற்பட்டது. 1996 பிப்ரவரி முதல் 2006 நவம்பர் வரை வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்தியவர்கள் அதில் பங்கு கோர முடிந்தது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் மாதக் கணக்கில் தனி வரியாக அச்சிடப்படுவது இக்காலத்துக்குப் பின் பரவலாயிற்று.

கடைமுனை நாணயமாற்றம்

1990களின் பிற்பகுதியில் புதியதொரு முறை தோன்றியது. 'டைனமிக் கரன்சி கன்வர்ஷன்' எனப்படும் இதைத் தமிழில் கடைமுனை நாணயமாற்றம் எனலாம். அயர்லாந்து நிறுவனங்கள் இதை வணிகமாக வளர்த்ததில் முன்னணியில் இருந்தன. அட்டை எந்த நாட்டினது என்பதைக் கருவி அறிந்து, உள்ளூர்ப் பணத்துக்குப் பதிலாகப் பயணியின் சொந்த நாட்டுப் பணத்தில் தொகையைக் காட்டும். பயணி ஒப்புக்கொண்டால் மாற்றம் அங்கேயே நடந்துவிடும். மாற்றும் நிறுவனம் சந்தை விகிதத்தின் மேல் தன் இலாபத்தைக் கூட்டும். அதில் ஒரு பங்கு கடைக்காரருக்கும் அவருடைய வங்கிக்கும் செல்லும். ஆகவே பயணியை ஒப்புக்கொள்ளச் செய்வது கடைக்காரருக்கு ஆதாயம்.

கற்பனை எண்களைக் கொண்டு ஒரு கணக்கைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் ஒருவர் 200 வெள்ளிக்குப் பொருள் வாங்குகிறார். சந்தை விகிதம் ஒரு வெள்ளிக்கு 62 ரூபாய் எனில் நேர் மதிப்பு 12,400 ரூபாய். உள்ளூர் வெள்ளியிலேயே செலுத்தினால், வங்கி 3.5 விழுக்காடாக 434 ரூபாயும், அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு வரியாக 78 ரூபாயும் சேர்த்து, மொத்தம் 12,912 ரூபாய் ஆகும். ரூபாயில் செலுத்த ஒப்புக்கொண்டு, கருவி 6 விழுக்காடு கூட்டினால் 13,144 ரூபாய் ஆகும். வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கும் சில இந்திய வங்கிகள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அது 1 விழுக்காடும் அதன் மீதான வரியும் என்றால் மொத்தம் ஏறத்தாழ 13,299 ரூபாய். அப்போது ஒரே பொருளுக்கு 387 ரூபாய் வேறுபாடு. இந்த எண்கள் வங்கிக்கு வங்கி மாறும். வங்கிக் கட்டணம் மிக அதிகமாகவும் கருவியின் கூட்டல் குறைவாகவும் இருந்தால் முடிவு தலைகீழாகவும் ஆகலாம். ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் பயணிக்கு இழப்பே ஏற்படுகிறது.

இம்முறைக்கு ஆதரவான வாதமும் உண்டு. எவ்வளவு செலவாயிற்று என்பது சொந்த நாட்டுப் பணத்தில் உடனே தெரிகிறது. அலுவலகச் செலவுக் கணக்கு எழுதுவோருக்கு இது வசதி. சிக்கல், கேட்கும் முறையில்தான் இருக்கிறது. பழக்கமான ரூபாய்க் குறி பச்சை நிறப் பொத்தானிலும், உள்ளூர்ப் பணம் சிவப்பிலும் இருந்தால், அவசரத்தில் இருப்பவர் எதை அழுத்துவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏடிஎம் இயந்திரங்களில் "மாற்றத்தை ஏற்காமல் தொடர்க" என்ற வாசகம், பணமே வராதோ என்ற அச்சத்தை உண்டாக்குகிறது. ஏற்காவிட்டாலும் பணம் வரும். மாற்றம் மட்டும் பயணியின் சொந்த வங்கி வழியாக நடக்கும்.

சட்டப் பாதுகாப்பு

அட்டை வலையமைப்புகளின் விதிப்படி, எந்த நாணயத்தில் செலுத்துவது என்ற தேர்வு அட்டைதாரருடையது. கேட்காமலே கடைக்காரர் முடிவு செய்வது விதிமீறல். ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே வலுப்படுத்தியது. 2019 மார்ச்சில் நிறைவேறிய 2019/518 எண் ஒழுங்குமுறையின்படி, கடையிலும் ஏடிஎம்மிலும் நாணயமாற்றம் வழங்குவோர், ஐரோப்பிய மத்திய வங்கியின் அண்மைய குறிப்பு விகிதத்தைவிடத் தாம் எத்தனை விழுக்காடு கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன்பே காட்ட வேண்டும். இந்தக் கடமை 2020 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டணத்துக்கு உச்சவரம்பு ஏதும் விதிக்கப்படவில்லை. எல்லாரும் ஒரே அளவுகோலில் தம் கூட்டலைச் சொல்ல வேண்டும் என்பதே இச்சட்டத்தின் சாரம்.

ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு வேறு கோணத்தைக் காட்டுகிறது. 2010இல் சில மாதங்கள் விசா நிறுவனம், கடைமுனை நாணயமாற்றம் புதிய கடைகளுக்கு விரிவடைவதைத் தடுத்து வைத்தது. இது போட்டியைக் குறைக்கும் செயல் என்று அந்நாட்டுப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2015இல் நீதிமன்றம் 1.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டத்தொகை விதித்தது. நாணயமாற்றத்தில் வலையமைப்புக்கும் தனி ஆதாயம் உண்டு. அதைத் தடை செய்வது எப்போதும் பயணியின் நலனுக்காகத்தான் என்று கொள்ள முடியாது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

இந்தியாவில் பணமாற்றுநர்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றே தொழில் செய்ய முடியும். டாலர், பவுண்டு, யூரோ, யென் ஆகியவற்றுக்கான குறிப்பு விகிதத்தை ரிசர்வ் வங்கி வெளியிட்டு வந்தது. 2018 ஜூலை முதல் அப்பொறுப்பு இந்திய நிதி அளவுகோல் நிறுவனமான எஃப்பிஐஎல்லிடம் உள்ளது. வேலை நாள்தோறும் வெளியாகும் இந்த விகிதத்தோடு கடைக்காரர் சொல்லும் விகிதத்தை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பயணி கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டில் அட்டைக் கருவியோ ஏடிஎம்மோ நாணயத் தேர்வு கேட்டால், உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாக நல்லது. கடைக்காரர் தாமே ரூபாயைத் தேர்ந்துவிட்டால், கையொப்பமிடும் முன் அல்லது இரகசிய எண்ணை இடும் முன், அப்பரிவர்த்தனையை நீக்கி உள்ளூர்ப் பணத்தில் மீண்டும் செய்யச் சொல்லலாம். நடந்து முடிந்த பின் தெரிந்தால் இரசீதை வைத்துக்கொண்டு தன் வங்கியில் முறையிட வேண்டும்; தேர்வு தரப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

தாள் பணமாக மாற்றும்போது "கட்டணம் எவ்வளவு?" என்று கேட்பது போதாது. "இவ்வளவு கொடுத்தால் எல்லாம் போக என் கையில் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டு, அத்தொகையை அன்றைய குறிப்பு விகிதத்தால் கிடைக்க வேண்டிய தொகையோடு ஒப்பிட வேண்டும். விகிதத்தில் ஒளிந்திருப்பதும் தனியாக வாங்குவதும் இக்கேள்வி ஒன்றில் வெளிப்பட்டுவிடும். விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை ஊருக்குள் பல கடைகள் உள்ள தெருவில் மாற்றலாம். தேவைக்கு மேல் மாற்றினால் திரும்பும்போது மறுபடியும் ஒரு கழிவு உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உரிமம் இல்லாதவரிடம் மாற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. கள்ளத்தாள் கிடைக்கும் இடரும் அதில் உண்டு.